நடையை அளப்போர்: உயிர்ப்பொறிமுறையியல் ஆய்வுகூடத்து மாந்தரும் வன்னி நிலமும்

உடலின் அசைவுகளை விசை, திருப்பம், சக்தி, வேகம் முதலிய பௌதிகக் கணியங்களாகக் கண்டு, அவற்றை அளந்தும் கணித்தும் ஆராயும் துறை உயிர்ப்பொறிமுறையியல் எனப்படும். ஆங்கிலத்தில் பயோமெக்கானிக்ஸ் என்று வழங்கும் இத்துறையின் அரிச்சுவடி பாடசாலை விஞ்ஞான நூலில் நெம்புகோலைப் பற்றி வரும் பாடத்திலேயே அமைந்துவிடுகின்றது. எத்தனம், சுமை, பொறுதி என்று அங்குக் கூறப்படும் மூன்றும் மனித உடலில் தசையின் இழுவையாகவும் உடற்பாரமாகவும் மூட்டாகவும் இடம்பெறுகின்றன. பாதம் நிலத்தை அழுத்தும்போது நிலமும் அதே அளவு விசையால் பாதத்தை எதிர்த்துத் தள்ளும் என்னும் நியூட்டனின் மூன்றாம் விதிதான், இன்றைய நடை ஆய்வுகூடங்களில் உள்ள விலையுயர்ந்த கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படையாகும்.

இத்தகைய ஆய்வுகூடங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அங்குள்ள கருவிகளை விவரித்து, தலைமைப் பேராசிரியரின் பெயரைக் குறிப்பிட்டு, கண்டுபிடிப்பின் சிறப்பைக் கூறி அமைவர். அங்கு வேலைசெய்யும் மனிதர் யார், யார் கையில் எந்த வேலை இருக்கின்றது, அவர்களுள் எவரை ஆய்வாளர் என்று அழைப்பது என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படுவதில்லை. இலங்கையின் வன்னியிலுள்ள செட்டிகுளத்தில் இவ்வினாக்களை எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. வெங்கலச்செட்டிகுளம் பிரதேசத்தில், அருவி ஆற்றை அண்டி அமைந்த மெனிக்பாம் முகாமில் 2009ஆம் ஆண்டில் போரினால் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தங்கவைக்கப்பட்டிருந்தனர். கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயரிடப்பட்ட வலயங்களில் அவர்கள் கூடாரங்களிலும் தகரக் கொட்டில்களிலும் வாழ்ந்தனர். 2012 செப்டெம்பரில்தான் அம்முகாம் மூடப்பட்டது. அதே மெனிக்பாமில் 2010ஆம் ஆண்டு மார்ச்சில் இந்திய அரசின் உதவியுடன் ஜெய்ப்பூரிலிருந்து வந்த பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்னும் அமைப்பினர் செயற்கைக் கால் பொருத்தும் முகாமொன்றை நடத்தினர். ஏறத்தாழ 1400 பேர் அதன் மூலம் பயன்பெற்றனர். ஓர் ஊரின் நிலத்தில், ஒரு சில வாரங்களில், இத்தனை பேர் புதிய கால்களால் நடக்கத் தொடங்கிய நிகழ்ச்சி உலகில் அரிதானது. அந்நடைகளை அளக்கத் தெரிந்த கைகள் எங்கே இருந்தன என்பதும், அக்கைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதும் இவ்வூரார் கேட்க உரிமையுள்ள கேள்விகள்.

ஒரு பல்கலைக்கழக நடை ஆய்வுகூடத்தின் அன்றாட வேலையை முதலில் நோக்குதல் தகும். பத்து மீற்றர் அளவில் நீண்ட சமதளப் பாதையொன்று அங்கு இருக்கும். பாதையின் நடுவே, தரையோடு தரையாக, விசைத்தட்டு எனப்படும் உலோகத் தட்டு பதிக்கப்பட்டிருக்கும். அதன் மீது பாதம் படும்போது நிலத்தின் மறுதாக்க விசை எவ்வளவு, எத்திசையில், எப்புள்ளியில் தாக்குகின்றது என்பதை அத்தட்டு ஒரு செக்கனில் பல நூறு தடவை பதிவுசெய்யும். சுற்றிலும் அகச்சிவப்புக் கமராக்கள் பொருத்தப்பட்டிருக்கும். நடப்பவரின் இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு மணிகள் ஒட்டப்படும். கமராக்கள் காண்பது அம்மணிகளை மட்டுமே. மணிகளின் இடத்தையும் தட்டின் விசையையும் சேர்த்து, ஒவ்வொரு மூட்டையும் சுற்றி எவ்வளவு திருப்பம் செயற்பட்டது என்று பின்னோக்கிக் கணிப்பதை நேர்மாறு இயக்கவியல் என்பர். திருப்பம் என்பது விசையின் பருமனை அதன் செங்குத்துத் தூரத்தால் பெருக்கிவரும் கணியம் என்பதை மாணவர் அறிவர். நிலத்தின் மறுதாக்கம் முழங்காலுக்குப் பின்னால் சென்றால் முழங்கால் மடியும், முன்னால் சென்றால் நிமிரும். செயற்கை முழங்கால் அணிந்தவருக்கு நிற்பதும் விழுவதும் சில சென்ரிமீற்றர் வித்தியாசத்தில் தீர்மானிக்கப்படுவது இதனாலேயே.

இவ்விவரணத்தில் மனிதர் எங்கே என்று நோக்கினால், கணினித் திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு முன்பே வேறு பலர் அங்கு வந்துபோயிருப்பது தெரியும். மணிகளை ஒட்டுபவர் ஒருவர்; பெரும்பாலும் இயன்மருத்துவப் பயிற்சியுள்ள இளம் ஆய்வாளர். தொடை என்பின் கீழ்ப்புடைப்பைத் தோலின் மேலாக விரலால் தடவிக் கண்டறிந்து அவ்விடத்திலேயே மணியை வைக்கவேண்டும்; ஒரு சென்ரிமீற்றர் பிசகினாலும் முழங்காலின் சுழலச்சு மாறிவிடும், அதன் பின் வரும் கணக்கெல்லாம் பிழைபடும். அத்துடன் தோல் என்பின் மீது வழுக்கும் தன்மையது. நடக்கும்போது மணி தோலோடு நகருமே தவிர என்போடு நகராது. இப்பிழையை எவ்வளவுக்குக் குறைக்கலாம் என்பது இன்றும் தீராத ஆய்வுப் பொருள். பல கோடி ரூபாய்ப் பெறுமதியுள்ள கமராக்களின் நுட்பம் ஈற்றில் ஒரு விரல்நுனியின் தேர்ச்சியில் தங்கியிருக்கின்றது என்பதை இத்துறைக்கு வெளியே உள்ளோர் எளிதில் நம்புவதில்லை. அடுத்தவர் செயற்கை உறுப்புத் தொழில்நுட்பவியலாளர். எஞ்சிய காலின் வடிவைப் பரிஸ் சாந்தில் எடுத்து, அக்கால் உள்ளே அமரும் கூட்டை வடிப்பவர் அவரே. கூடு சரியாக அமையாவிடின் நடப்பவர் வலிக்கு அஞ்சிச் சாய்ந்து நடப்பார். அச்சாய்வை மூட்டின் குறை என்று பொறியியலாளர் தவறாக வாசித்துவிடக்கூடும். பட்டறையில் உருக்கைக் கடையும் இயந்திரத் தொழிலாளி, என்புமுறிவு வைத்திய நிபுணர், புள்ளிவிபரவியலாளர், ஆய்வுக்கு உட்படுவோரின் நலனைக் காக்கும் அறநெறிக் குழுவினர் ஆகியோரும் இவ்வரிசையில் உள்ளனர். இவர்களுக்கெல்லாம் நடுவில், பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கும் ஒருவர் இருக்கின்றார். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் வராது. வயது, எடை, உயரம், கால் இழந்த காரணம் ஆகிய நான்கு விவரங்களாக ஓர் அட்டவணையில் அவர் நிற்பார்.

அந்த மனிதரின் இடத்தைப் பற்றிய வரலாறு நீண்டது. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 1891இல் உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் பிறவுணவும் கணித அறிஞர் ஒட்டோ பிஷரும் மனித நடையை முப்பரிமாணத்தில் அளந்தபோது, ஒரு படைவீரரின் உடலில் மின்னொளிக் குழாய்களைக் கட்டி, இருளில் அவரை நடக்கவிட்டுப் புகைப்படம் எடுத்தனர். குழாய்களையும் கம்பிகளையும் பிணைத்து அவரை ஆயத்தப்படுத்தவே பல மணி நேரம் சென்றது. அவர் நடந்ததோ சில அடிகள். அச்சில அடிகளிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற முடிவுகள் 1895 தொடக்கம் 1904 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. அறிஞர் இருவரின் பெயரையும் உலகம் அறியும்.

அளப்பவரும் அளக்கப்படுபவரும் வெவ்வேறாக நின்ற இந்நிலைமையில், இரண்டாம் உலகப் போரின் முடிவில் குறிப்பிடத்தக்க மாற்றமொன்று ஏற்பட்டது. கால் இழந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் தமக்கு வழங்கப்பட்ட செயற்கைக் கால்களின் தரக்குறைவைக் கண்டித்து எழுப்பிய குரலின் விளைவாக, 1945இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துக்குச் செயற்கை உறுப்பு ஆய்வுப் பணி ஒப்படைக்கப்பட்டது. பெர்க்லியிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் நடந்த இப்பணியை என்புமுறிவு வைத்தியரான வேர்ண் இன்மனும் கட்டமைப்புப் பொறியியற் பேராசிரியரான ஹவேர்ட் ஏபர்ஹார்ட்டும் இணைந்து வழிநடத்தினர். பாலங்களும் தளங்களும் தாங்கும் சுமையைக் கணிப்பதில் வல்லவரான ஏபர்ஹார்ட், விமான ஓடுபாதைத் தளங்களின் தாங்குதிறனை ஆராயும் பணியில் நேர்ந்த விபத்தில் 1944இல் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். எனவே அவ்வாய்வுகூடத்தில் அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே உடலில் இருந்தனர். செயற்கைக் கால் தரையில் ஊன்றும் கணத்தில் கூட்டுக்குள் எவ்விடம் அழுந்துகின்றது என்பதை அவர் பிறரிடம் கேட்டு அறிய வேண்டியிருக்கவில்லை. அறிந்ததைச் சமன்பாடாக எழுதவும் அவரால் முடிந்தது. இத்துறையின் வரலாற்றில் இதைவிடப் பொருள்நிறைந்த நிகழ்ச்சி வேறொன்றைக் காண்பது கடினம்.

அக்குழுவினர் கண்ணாடிப் பாதையொன்றை அமைத்து, நடப்பவரின் பாதத்தைக் கீழிருந்தும் படம்பிடித்தனர். மேலே கூறப்பட்ட தோல் வழுக்கும் சிக்கலை அவர்கள் எதிர்கொண்ட விதம் இன்றைய வாசகரைத் திடுக்கிடச் செய்யும். இளைஞர்களான தொண்டர்கள், உணர்விழக்கச் செய்யும் ஊசியை ஏற்று, தம் இடுப்பெலும்பிலும் தொடை என்பிலும் கணைக்கால் என்பிலும் உருக்கு ஊசிகளைத் திருகி இறக்க உடன்பட்டு, அவ்வூசிகளோடே நடந்துகாட்டினர்; என்புகள் நடையின்போது நெட்டச்சில் எவ்வளவு திரும்புகின்றன என்பதைப் பற்றிய முதல் நம்பகமான அளவீடு 1948இல் அவ்வாறே கிடைத்தது. அந்த எண்களை இன்றும் நூல்கள் எடுத்தாளுகின்றன. சோண்டர்ஸ், இன்மன், ஏபர்ஹார்ட் ஆகிய மூவரும் 1953இல் வெளியிட்ட கட்டுரை, நடையைத் தீர்மானிக்கும் ஆறு அசைவுக் கூறுகளை வகுத்துக் கூறிற்று. அவற்றுட் சில பிற்கால அளவீடுகளால் திருத்தப்பட்டுவிட்டபோதிலும், நடையைக் கற்பிக்கும் எவரும் அக்கட்டுரையைத் தொடாமற் செல்வதில்லை. கணுக்கால் அசையாத, குதிகாலில் மெத்தை போன்ற மென்பொருள் பொருத்திய ‘சாச்’ என்னும் செயற்கைப் பாதமும் 1950களில் இதே ஆய்வுகூடத்தில் உருவானதே. மலிவும் உறுதியும் வாய்ந்த அப்பாதம் உலகெங்கும் பரவியது.

ஆயினும் பெர்க்லியில் நடந்தவர்கள் சப்பாத்து அணிந்து, தளமிட்ட தரையில் நடந்து, கதிரையில் அமர்பவர்கள். அவர்களுடைய வாழ்க்கையின் அளவே அப்பாதத்தின் அளவாயிற்று. சப்பாத்துக்குள் இருந்தால் மட்டுமே ‘சாச்’ பாதம் நன்கு இயங்கும். குந்தியிருக்கவோ சப்பாணி கட்டி அமரவோ அது இடந்தராது. ஈரத்தில் நடந்தால் விரைவில் பழுதுபடும். வரம்பில் வெறுங்காலோடு நடப்பவனும் அடுப்பின் முன் குந்தியிருந்து சமைப்பவளும் கோயில் வாசலில் பாதணியைக் கழற்றுபவர்களும் அக்கணக்கில் இடம்பெறவில்லை. இதனை அவ்வறிஞர்களின் குற்றமாகக் கூறுதல் நீதியன்று. ஆய்வுகூடத்தின் பாதையில் எவர் நடக்கின்றாரோ அவருக்கு ஏற்பவே அங்கிருந்து வரும் பொருளும் அமையும் என்பதற்கு அது சான்று.

ஜெய்ப்பூர்க் கால் அந்த இடைவெளியில் பிறந்தது. சவாய் மான்சிங் வைத்தியசாலையின் என்புமுறிவு வைத்தியரான பி. கே. சேத்தியும், முறையான கல்வி மிகக் குறைந்த கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் 1968இல் அதனை உருவாக்கினர். இறப்பரை அச்சிலிட்டுச் சூட்டாலும் கந்தகத்தாலும் இறுக்கும் முறையை, அதாவது ரயரைப் புதுப்பிக்கும் கடைகளில் நடைபெறும் அதே முறையை, பாதம் வார்ப்பதற்குப் பயன்படுத்தலாம் என்பதைச் சர்மாவின் கண் கண்டது. உடற்கூற்றின்படி எவ்விடம் வளையவேண்டும், எவ்விடம் வளையக்கூடாது என்பதைச் சேத்தியின் அறிவு கூறியது. நுண்துளை இறப்பர், மரம், சாதாரண இறப்பர் ஆகியவற்றை அடுக்கி வார்த்த அப்பாதம் பல திசைகளிலும் வளைந்தது, நீருக்கு அஞ்சவில்லை, சப்பாத்தை வேண்டவில்லை. சேத்திக்கு 1981இல் ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. கைவினைஞரின் பெயர் அந்த அளவுக்கு ஒலிக்கவில்லை என்பதை இங்குக் குறிப்பிடாமற் செல்லுதல் சரியன்று. தொடக்க ஆண்டுகளில் மிகச் சிலருக்கே எட்டிய அக்கால், டி. ஆர். மேத்தா 1975இல் நிறுவிய மேற்கூறிய சமிதியின் மூலமே பெருந்தொகையினரை அடைந்தது.

ஜெய்ப்பூர்ப் பாதம் பட்டறையில் பிறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் சென்ற பின், 1995இல், லிவர்பூல் ஆய்வாளர் சிலர் அதனை ‘சாச்’ பாதத்தோடும் ‘சியாட்டில்’ என்னும் வேறொரு பாதத்தோடும் ஒப்பிட்டு விசைத்தட்டின் மீது சோதித்தனர். முழங்காலுக்குக் கீழே கால் இழந்த மூவர் மூன்று பாதங்களையும் மாற்றி மாற்றி அணிந்து நடந்தனர். மூன்றினுள் இயற்கைப் பாதத்தின் நடைக்கு நெருங்கி நின்றது ஜெய்ப்பூர்ப் பாதமே என்பது அவர்களின் முடிவுகளுள் ஒன்று. கைவினைஞர் ஒருவர் கையால் உணர்ந்து செய்ததை விசைத்தட்டு எண்ணால் உறுதிப்படுத்தியது. அதற்கு இடையில் நின்றவர்கள் பெயர் அறியப்படாத அந்த மூன்று நடையாளர்கள். மூவர் என்பது சிறு தொகை என்று புள்ளிவிபரவியலார் கூறுவர். அது உண்மை. ஆயினும் அந்த மூவரும் நடக்க வராதிருந்தால் அக்கேள்விக்கு விடையே இருந்திராது.

தமிழ்நாட்டில் வேலூரில் நடந்த பணி இவ்வகையில் இன்னும் நெருக்கமானது. 1946இல் அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை வைத்தியர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களுக்கு நோய்க்கிருமி நேரடிக் காரணமன்று என்றும், வலி உணரும் ஆற்றல் இழந்த பாதத்தின் ஒரே இடத்தில் அமுக்கம் திரும்பத் திரும்ப விழுவதே காரணம் என்றும் நிறுவினார். வலியுள்ளவன் சப்பாத்துக் கடித்தால் நொண்டி நடந்து அமுக்கத்தை வேறிடத்துக்கு மாற்றிவிடுவான். வலியற்றவன் புண்ணின் மீதே நடந்துகொண்டிருப்பான். இவ்விளக்கத்தின் பின், பாதத்துக்கும் பாதணிக்கும் இடையிலான அமுக்கத்தை அளப்பது வைத்தியத்தின் பகுதியாயிற்று. நுண்துளை இறப்பரால் செய்த மென்மையான செருப்புகள் அதன் பயனாக உருவாயின. வன்னியில் போர் ஓய்ந்து ஆண்டுகள் சென்றபின்பு நீரிழிவினால் கால் இழப்போரைப் பற்றிக் கவலை கொள்ளும் எவரும் வேலூரின் அச்செருப்பை நினைவுகூர்தல் வேண்டும். நீரிழிவிலும் பாதம் மரத்துப்போவதால், அமுக்கத்தின் கணக்கு அங்கும் அதேதான்.

இன்றைய தமிழகத்தில் இத்துறையின் முன்னணி இடமாக விளங்குவது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையில், பேராசிரியர் சுஜாதா ஸ்ரீநிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. புனர்வாழ்வு ஆய்வு மற்றும் கருவி உருவாக்க நிலையமாகும். அமர்ந்திருப்பவர் தாமே எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலி, வீதியில் ஓடக்கூடிய மோட்டார் இணைப்புக் கொண்ட சக்கர நாற்காலி முதலியவை அங்கிருந்து வெளிவந்துள்ளன. இவ்வுரைக்கு மிக நெருங்கியது 2022 மே மாதத்தில் வெளியிடப்பட்ட ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால். இந்திச் சொல்லான அதற்குக் காலடி என்று பொருள். சாதாரண செயற்கை முழங்கால் கதவுப் பிணைச்சல்போல ஒரே அச்சில் மடியும். ‘கதம்’ பல்லச்சு முழங்கால் எனப்படும் வகையைச் சேர்ந்தது: ஒன்றோடொன்று பிணைந்த தண்டுகள் மடியும்போது சுழற்சி மையமும் இடம்பெயரும். கால் நிமிர்ந்து ஊன்றும் வேளையில் அம்மையம் பின்னோக்கி உயர்ந்து நிற்பதால் முழங்கால் திடீரென மடங்கி ஆளை வீழ்த்தாது. கால் முன்வீசும் வேளையில் கீழ்க்கால் சற்றுக் குறுகுவதால் விரல்நுனி கல்லிலோ கட்டையிலோ தட்டாது. ‘கதம்’ 160 பாகை வரை மடியும் என்பதால் பேருந்தின் ஒடுங்கிய இருக்கையில் அமர்வதும் எளிதாகின்றது. செயற்கைக் கால்களுக்குரிய சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 10328 கோரும் முப்பது இலட்சம் சுற்றுச் சோதனையை அது கடந்தது. சோதனை இயந்திரம் இரவும் பகலும் அழுத்தி விட்டு அழுத்தி விட்டு அச்சுற்றுகளை எண்ணும்போது அதன் அருகில் காவலிருந்து, எந்த இலட்சத்தில் எந்த மரை தளர்ந்தது என்று குறித்து, வரைபடத்தைத் திருத்தும் வேலை ஆய்வு மாணவருடையது. அதே முழங்காலை மனிதரில் பொருத்திப் பார்ப்பதற்குப் பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா என்னும் தொண்டு நிறுவனத்தின் தொழில்நுட்பவியலாளர்களும், அதை அணிந்து அன்றாட வாழ்வில் நடந்துகாட்டியவர்களும் தேவைப்பட்டனர். இயந்திரம் முப்பது இலட்சம் தடவை ஒரேமாதிரி அழுத்தும். மனிதனோ எந்த இரண்டு அடியையும் ஒரேமாதிரி வைப்பதில்லை.

இலங்கையிலும் இச்சங்கிலியின் கணுக்கள் ஆங்காங்கே உள்ளன. கொழும்பு நண்பர் உதவிச் சங்கம் 1985இல் ஜெய்ப்பூர்க் கால் செய்யும் பணியைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய பணி இன்று யாழ். ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனமாக வளர்ந்துள்ளது. தாமே செயற்கைக் கால் அணிந்தவர்களும் அங்குத் தொழில்நுட்பப் பணியில் ஈடுபட்டுள்ளனர் என்பது ஏபர்ஹார்ட்டின் கதையோடு சேர்த்து எண்ணத்தக்கது. போர்க்காலத்தில் கிளிநொச்சியில் வெண்புறா என்னும் செயற்கை உறுப்பு நிறுவனம் வன்னி மக்களுக்குப் பணியாற்றிற்று. ராகமவில் 2004 முதல் செயற்கை உறுப்புத் தொழில்நுட்பவியலாளரைப் பயிற்றும் கல்லூரி இயங்குகின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் துறையில் உள்ள ஆய்வுகூடம் செயற்கைக் கைகளையும், கையின் மேல் அணியும் துணைப்பொறிகளையும் உருவாக்கிவருகின்றது. வன்னியிலேயே இரு பல்கலைக்கழக வளாகங்கள் உள்ளன: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம், செட்டிகுளத்திலிருந்து வவுனியாவுக்குச் செல்லும் மன்னார் வீதியிலேயே, பம்பைமடுவிலும் அமைந்துள்ளன.

மெனிக்பாமில் 2010இல் நடந்ததை இவற்றோடு வைத்து நோக்கவேண்டும். ஜெய்ப்பூர் முறையில் எஞ்சிய காலின் வடிவம் சாந்தில் எடுக்கப்பட்டு, அதன் மீது சூடாக்கிய பொலித்தீன் குழாய் இழுத்துப் படியவைக்கப்பட்டு, பாதம் பொருத்தப்பட்டு, பெரும்பாலும் அன்றைய தினமே ஆள் நடந்துவிடுவார். அவ்விரைவு முகாமில் வாழ்ந்த மக்களுக்குப் பெரும் வரம். ஊன்றுகோலோடு தண்ணீர் வரிசையில் நின்ற பெண் இரு கையிலும் குடம் ஏந்தி நடக்க முடிந்தது என்றால் அதன் பெறுமதியை எந்தத் தட்டாலும் அளக்க முடியாது. ஆனால் துண்டிக்கப்பட்ட கால் முதல் ஆண்டில் மெலிந்து சுருங்கும். அன்று இறுகப் பொருந்திய கூடு சில மாதங்களில் தளரும். தளர்ந்த கூடு தோலை உரசிப் புண்ணாக்கும். வளரும் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், வளர்ந்தவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும் புதிய கால் வேண்டும். பத்து வயதில் மிதிவெடியில் கால் இழந்த ஒரு பிள்ளைக்கு வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கால்கள் தேவைப்படலாம். பொருத்தும் முகாம் ஒரு பருவத்தில் வந்து செல்வது; கால் வாழ்நாள் முழுவதும் வேண்டப்படுவது. முகாமிலிருந்து முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் மீளக்குடியேறச் சென்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கால்கள் எந்த மண்ணில் எவ்வாறு தேய்ந்தன, பாதம் முதலில் வெடித்ததா கூடு முதலில் தளர்ந்ததா, எவர் அதனைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலை எடுத்தார் என்பவை ஓர் ஆய்வுகூடத்துக்குப் பொன்னினும் அரிய செய்திகள். அவற்றைக் கேட்டறியத் தமிழ் பேசும், அயலில் இருக்கும், ஆண்டுதோறும் திரும்பி வரும் ஆய்வாளர் வேண்டும்.

வன்னியின் நடைக்கு வன்னியின் தரையே வேண்டும் என்பதை வலியுறுத்திக் கூறவேண்டியுள்ளது. காலபோகத்தில் வரம்பு வழுக்கும். அதன் அகலம் சில இடங்களில் ஒரு பாத அளவே. பக்கச் சரிவில் வைக்கும் அடி, உள்ளங்காலின் ஒரு விளிம்பில் மாத்திரம் சுமையை ஏற்றும். இயற்கையான கணுக்கால் பக்கவாட்டில் சரிந்து அதைச் சமன்செய்யும், செயற்கைப் பாதமோ இறப்பரின் நெகிழ்வு அனுமதிக்கும் அளவுக்கே சரியும். சேற்றில் பாதம் புதைந்தால் அதை மேலே இழுக்கும் விசை, கூட்டைக் காலிலிருந்து உருவிவிட முயலும். சமதளத்தில் நடக்கும்போது இச்சிக்கல் எழுவதேயில்லை. தாய்லாந்தின் சியங்மாயில் வைத்தியர் தேர்ட்சாய் ஜீவாக்கேற் தலைமையில் இயங்கிய செயற்கைக் கால் நிறுவனம், வயலில் இறங்குவதற்கென்றே தனி வகைக் கால் ஒன்றை உழவருக்குச் செய்துகொடுத்தது. சேற்றில் சிக்காதபடி பாதத்தின் வடிவையே மாற்றிய கால் அது. நெல் விளையும் நிலத்தவர் மட்டுமே எழுப்பக்கூடிய கேள்விக்கு நெல் விளையும் நிலத்திலேயே கிடைத்த விடை என்று அதனைக் கூறலாம். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர் சமதளத்தில் நடப்பதற்கே ஏறத்தாழ கால் பங்கு சக்தியை மேலதிகமாகச் செலவிடுகின்றார் என்பதும், முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு அது இன்னும் அதிகம் என்பதும் அளந்து அறியப்பட்டவை. உரப்பையைத் தோளில் சுமந்து வரம்பில் நடப்பவர் செலவிடும் சக்தியை அறிய, அளக்கும் கருவி வயலுக்கு வரவேண்டும். ஆர்முடுகலையும் சுழற்சியையும் பதியும், தீப்பெட்டி அளவான உணரிகள் இன்று உள்ளன. தொடையிலும் கணைக்காலிலும் அவற்றைப் பட்டியால் கட்டிவிட்டால் கமராக்கள் இன்றியே நடையைப் பதிவுசெய்யலாம். ஆகவே பெரிய மண்டபம் கட்டப்படும் வரை காத்திருக்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

அத்தகைய வேலையைத் தொடங்குவோர் முதலில் தீர்க்கவேண்டியது ஆள் வரிசையைப் பற்றிய கேள்வி. பொறியியல் மாணவர் கிடைப்பர். கணிதம் கற்றோர் பம்பைமடுவிலேயே உள்ளனர். தொழில்நுட்பவியலாளர் யாழ்ப்பாணத்திலிருந்தோ ராகமவில் பயின்றோ வரலாம். செயற்கைக் காலோடு பல ஆண்டுகள் வயல்செய்த ஒருவரை அக்குழு எந்த இடத்தில் அமர்த்தும் என்பதே உரைகல். வழமையான முறையில் அவர் ஒரு காலைப்பொழுது வருவார், சம்மதப் படிவத்தில் ஒப்பமிடுவார், நடப்பார், போக்குவரத்துச் செலவைப் பெற்றுக்கொண்டு செல்வார். சம்மதப் படிவம் என்பது ஆய்வின் நோக்கத்தையும் ஆபத்தையும் விளக்கி, விரும்பிய வேளையில் விலகும் உரிமையை உறுதிசெய்யும் ஆவணம். அது அவரைத் தீங்கிலிருந்து காக்கின்றது, ஆனால் கேள்வியை வகுக்கும் மேசையில் அவருக்கு ஓர் இருக்கையைத் தருவதில்லை. போரின் பின் எண்ணற்ற படிவங்களில் பெயர் பதிந்து, பதிந்தபின் என்ன நடந்தது என்று அறியாதிருக்கும் மக்களிடம் இன்னுமொரு படிவத்தை நீட்டும் ஆய்வாளர், முடிவுகளைத் தமிழில் எழுதி அதே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரும் கடமையையும் ஏற்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு சோதனையை எண்ணிப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே கால் இழந்த ஓர் உழவர் சீமெந்துத் தரையில் பத்து மீற்றர் நடக்கின்றார்; பின்னர் அதே பாதத்தோடும் அதே உணரிகளோடும், விதைப்புக்கு முந்திய ஈரத்தில், தம் சொந்த வயலின் வரம்பில் பத்து மீற்றர் நடக்கின்றார். மாணவர் கணினியில் இரண்டு வளைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டாவது கோட்டில் ஏழாவது அடிக்குப் பின் தெரியும் குழப்பத்தை உணரியின் பிழை என்று நீக்கிவிட ஆயத்தமாகின்றார். உழவர் அவ்விடத்தில் வரம்பை நண்டு துளைத்திருந்ததையும், குதிகாலை அதில் இறக்காமல் முன்பாதத்தால் தாண்டியதையும் கூறுகின்றார். ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தில் அவர் கூறியது எழுதப்பட்டு, அதன் கீழே, மாணவரின் ஒப்பத்துக்குப் பக்கத்தில், அவருடைய ஒப்பமும் இடம்பெறுகின்றது.